சாப்பாட்டு அறைச் சுவரில் அலங்கார மோல்டிங் பட்டைகளை நாமே பொருத்த முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாக முடியும். எங்கள் வீட்டில் நானேதான் பொருத்தினேன். பலரும் ரம்பத்தையும் மூலை வெட்டையும் நினைத்துத்தான் தயங்குகிறார்கள். என்னைக் கேட்டால், வேலையின் அழகு முடிவாவது சுவரில் பென்சில் கோடு போடும்போதுதான். அதற்கு ஒரு நாள் முழுக்கப் போனாலும் பரவாயில்லை.

பட்டை வாங்கும் முன்பே மேசை நாற்காலிகளை அவற்றின் இடத்தில் போட்டுவிடுங்கள். பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப்பால், பட்டைகளை வைத்து அமைக்கப்போகும் செவ்வகக் கட்டங்களைச் சுவரில் ஒட்டி, உட்கார்ந்தும் பாருங்கள், வாசலில் நின்றும் பாருங்கள். இடுப்பளவில் ஓடும் கிடைமட்டப் பட்டையைப் பொதுவாகத் தரையிலிருந்து 32 முதல் 36 அங்குல உயரத்தில் வைப்பார்கள். நாற்காலியின் முதுகு சுவரில் இடிப்பதைத் தடுக்கும் பட்டை அது. அதனால் உங்கள் நாற்காலி எங்கே இடிக்கிறது என்று பார்த்து உயரத்தை முடிவு செய்யுங்கள். சுவரின் சரிபாதியில் மட்டும் வேண்டாம். அறை குள்ளமாகத் தெரியும்.

கட்டங்களுக்குக் கணக்கு எளிது. சுவர் 12 அடி, அதாவது 144 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 4 கட்டங்கள் என்றால் ஓரங்களையும் சேர்த்து 5 இடைவெளிகள். ஒவ்வொன்றும் 4 அங்குலம் என்றால் 20 போக மீதி 124. ஆக, ஒரு கட்டத்தின் அகலம் 31 அங்குலம். சுவிட்ச் போர்டு குறுக்கே வந்தால் இடைவெளியையோ எண்ணிக்கையையோ மாற்றி, போர்டு முழுவதும் கட்டத்துக்கு உள்ளே அல்லது முழுவதும் வெளியே இருக்கும்படி செய்யுங்கள். பாதி போர்டைப் பட்டை கடித்துக்கொண்டு நின்றால் கண் அங்கேயேதான் போகும்.

தரையை நம்பி அளக்காதீர்கள். தரை கொஞ்சமாவது சாய்ந்திருக்கும். ரசமட்டம் வைத்து ஒரே ஒரு கோடு போட்டு, எல்லா உயரத்தையும் அதிலிருந்தே அளங்கள்.

பட்டையைப் பொறுத்தவரை, காய்ந்த சுவருக்கு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்தது) போதும். நேராக இருக்கும், பெயிண்ட் அழகாக ஏறும். ஆனால் ஈரம் பட்டால் உப்பிவிடும். சந்தேகம் இருந்தால் பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பட்டை எடுங்கள். சுவரில் ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்தாக வேண்டும். பொருக்குத் தட்டிய பெயிண்டின் மேல் ஒட்டினால் பசை பெயிண்டைத்தான் பிடித்திருக்கும், சுவரை அல்ல.

முதல் தடவை செய்கிறவர்களுக்குக் கட்டங்கள்தான் வசதி. ஓடும் பட்டை சுவர் மூலையில் சேர வேண்டும், அந்த மூலையோ அநேகமாகச் சரியான 90 பாகையில் இருக்காது. கட்டத்தின் மூலை நம் கையில் இருக்கிறது. மைட்டர் பாக்ஸில் (ரம்பம் சரியான கோணத்தில் போகப் பள்ளம் வெட்டிய பெட்டி) வைத்து 45 பாகையில் ஒரு துண்டை வெட்டி, அதையே அளவாக வைத்து அதே நீளமுள்ள மற்றவற்றை வெட்டுங்கள். அளவு டேப்பால் ஒவ்வொன்றாக அளந்தால் எங்காவது ஒரு நூல் கூடும் குறையும், மூலை வாய் பிளக்கும். எம்.டி.எஃப். தூசு பொல்லாதது, முகமூடி போட்டுக்கொண்டே வெட்டுங்கள். நான்கு துண்டுகளையும் தரையில் சேர்த்து வைத்துக் குறுக்களவு இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சமமாக வந்தால் கட்டம் கோணவில்லை.

செங்கல் சுவரில் சின்ன ஆணி இறங்காது. எடை குறைந்த பட்டைக்குக் கட்டுமானப் பசையே போதும். பின்புறம் வளைந்து வளைந்து பூசி, அழுத்தி, பசை இறுகும் வரை காகித டேப்பால் பிடித்து வையுங்கள். கனமான மரப்பட்டை என்றால் துளையிட்டு, ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் வைத்து ஸ்க்ரூ போட வேண்டும். அப்போது சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளையிடாதீர்கள், பெரும்பாலும் ஒயர் அந்த வழியாகத்தான் போகும்.

அப்புறம் இடுக்குகளை அடைப்பது. அக்ரிலிக் சீலன்ட் மட்டும் வாங்குங்கள், சாதாரண சிலிக்கானில் பெயிண்ட் நிற்காது. ஈர விரலால் ஒரே இழுப்பில் தடவினால் கோடு சுத்தமாக வரும். எம்.டி.எஃப்.பின் வெட்டிய முனைகள் பெயிண்டை உறிஞ்சும், அங்கே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மேலே போங்கள். சுவருக்கும் பட்டைக்கும் ஒரே நிறம் அடிப்பதுதான் எனக்குப் பிடிக்கும். கைபடும், குழம்பு தெறிக்கும் இடம் என்பதால் இடுப்பளவுக்குக் கீழே துடைக்கக்கூடிய, லேசாகப் பளபளக்கும் சாட்டின் பெயிண்டாகப் பார்த்து வாங்குங்கள்.