சேலத்தில் இருந்துகொண்டே குழந்தைகள் படப் புத்தக ஓவியராக வேலை செய்ய முடியுமா? அந்த வேலை எப்படி இருக்கும்?

முடியும். நான் அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டு அதைத்தான் செய்கிறேன். கதை மின்னஞ்சலில் வருகிறது, படமும் அதிலேயே போகிறது, அதனால் பதிப்பகம் சென்னையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் ஒன்றுதான்.

வரைவதைவிடப் பக்கம் பிரிப்பதில்தான் அதிக நேரம் போகும். அச்சுத்தாளை மடித்து வெட்டுவதால் புத்தகம் பெரும்பாலும் 24 அல்லது 32 பக்கமாக அமையும், அதில் தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போக மிச்சத்தில் கதையைப் பங்கு போட வேண்டும். "கதவைத் திறந்தாள்" என்று ஒரு பக்கம் முடிகிறதா, உள்ளே இருப்பதைக் குழந்தை தாளைத் திருப்பும்வரை காட்டவே கூடாது. நடு மடிப்பில் முகம் விழக்கூடாது. ஓரங்களில் 3 மி.மீ. கூடுதலாக வண்ணம் போக வேண்டும், இல்லையென்றால் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும்.

படத்தில் ஆளோ வண்டியோ எந்தத் திசையில் போகிறது என்பதும் முக்கியம். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், பஸ் உண்மையில் இடமும் வலமுமாகத்தான் ஏறுகிறது, ஆனால் கதையில் அது வலப்பக்கம் பார்த்தே போகட்டும், ஏனென்றால் இடமிருந்து வலமாகப் படிக்கும் கண்ணுக்கு இடப்பக்கம் திரும்பிய பஸ் ஊருக்குத் திரும்பி வருவதுபோலத் தோன்றிவிடும். வளைவுகள் வேண்டுமென்றால் மலை முழுவதையும் இரண்டு பக்கத்துக்கு விரித்து ஒரே படமாகக் காட்டலாம். அந்த பஸ்ஸின் நெற்றியில் 'ஏற்காடு' என்று எழுதக் கை துடிக்கும். அதைக் கணினியில் தனி லேயரில், அதாவது படத்தோடு ஒட்டாத தனி அடுக்கில் வையுங்கள். துலிகா போன்ற பதிப்பகங்கள் ஒரே புத்தகத்தைப் பல மொழிகளில் போடுகின்றன, எழுத்து முழுக்கக் கறுப்பில் தனியாக இருந்தால் மொழி மாறும்போது அச்சில் கறுப்பு மைக்கான தகட்டை மட்டும் மாற்றினால் போதும். எழுத்துக்கான இடத்தையும் தாராளமாக விடுங்கள், தமிழ் வரி ஆங்கிலத்தைவிட நீளும்.

சேலத்தில் இருப்பது லாபம் என்றே சொல்வேன். மலை வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் இரண்டு முக்கோணமும் நடுவில் சூரியனும் போடுகிறார்கள், அவர்கள் பார்த்த படங்கள் அப்படி. ஜன்னலைத் திறந்தால் தெரிகிற சேர்வராயன் மலை நீளமாகப் படுத்தல்லவா இருக்கிறது! மேலே போனால் சில்வர் ஓக் நெட்டையாக நிற்கும், அதில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அடியில் காபிச்செடி. காபி பூப்பது கோடை மழைக்குப் பிறகு, பழம் சிவப்பது வருடக் கடைசியில். இரண்டையும் ஒரே கிளையில் நிறைத்து வரைந்தால் தோட்டத்துப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும், அந்தப் பிள்ளைக்காகத்தான் நான் நோட்டுப் புத்தகத்தோடு மலை ஏறுகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்பவர் எப்படி உட்காருகிறார், தட்டுவடை செட் போடுகிற அக்காவின் கை எந்தக் கிண்ணத்துக்கு முதலில் போகிறது, இதெல்லாம் இணையத்தில் தேடினால் கிடைக்காது.

பணம் என்று பார்த்தால் ஆரம்பத்தில் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். பெரும்பாலும் ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவார்கள், அது தவணையில் வரும். பாடப்புத்தகப் படம், பள்ளிச் சுவர் ஓவியம் என்று பக்கத்தில் வேறு வேலையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்தில்தான் மாற்றிக் கொடுக்க முடியும், எத்தனை வருடம் என்று அதில் குறிக்காவிட்டால் ஐந்து வருடம் என்றே கணக்கு. ஒரிஜினல் படங்கள் திரும்ப உங்களிடம் வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

வாய்ப்புக் கேட்டு மாதிரி அனுப்பும்போது தனித்தனி அழகான படங்கள் வேண்டாம். ஒரே பாப்பா சிரிப்பது, கோபப்படுவது, ஓடுவது, முதுகு காட்டி நிற்பது என்று நாலைந்து படம் அனுப்புங்கள். எல்லாவற்றிலும் அது அதே பாப்பாதானா என்றுதான் எடிட்டர் பார்ப்பார்.