எடை குறையவில்லை, ஆனால் அப்பாவால் எழ முடியவில்லை

அப்பாவின் எடை 68 கிலோவிலேயே நிற்பதால் சத்துக்குக் குறைவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை முகத்திலும் வயிற்றிலும் கொழுப்பு, நீர் ஏற்றும். தொடைச் சதையைக் கரைக்கும். தராசுக்கு எல்லாம் ஒன்றுதான்.

கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். கெண்டைக்காலின் பருத்த இடத்தைத் தையல் டேப்பால் வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் கீழே போனால் தசைக்குறைவைச் சந்தேகிக்கலாம். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு உதவாது.

இந்த எடைக்குப் புரதம் நாளுக்கு 80 கிராம் வேண்டும், சிறுநீரகம் சரியாக இருந்தால். ரசஞ்சாதத்தில் அது வராது. ஒரு முட்டையிலேயே 6 கிராம்தான். சங்கரா மீன், பருப்பு, தயிர் என்று பிரித்துக் கொடுங்கள். ரத்தச் சர்க்கரையையும் பாருங்கள், இந்த மாத்திரை ஏற்றிவிடும்.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து. ஒரு பக்கக் கைகால் மட்டும் தளர்ந்தால் அது சாப்பாட்டு விஷயமில்லை, உடனே ஆஸ்பத்திரி.