தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) ஊசி: கேளுங்கள், சொல்கிறேன்

செல்வி: சிஸ்டர், இந்த நோயை யாரும் பார்த்ததே இல்லை. எதற்கு இத்தனை ஊசி?

பார்க்காமல் இருப்பதே ஊசியால்தான். 1990களில், சோவியத் ஒன்றியம் உடைந்து உருவான நாடுகளில் தடுப்பூசி தளர்ந்தது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நோய் கண்டது, சுமார் 5,000 பேர் இறந்தார்கள். குழந்தையில் போட்ட ஊசியின் பலம் தேய்ந்துபோன பெரியவர்களும் அதில் நிறைய.

முருகன்: ஊசி போட்டவர் தொண்டையிலும் கிருமி இருக்குமாமே? பிறகு என்ன பயன்?

நல்ல கேள்வி, பலரும் குழம்பும் இடம். ஆளைக் கொல்வது கிருமியை விட அது கக்கும் நஞ்சுதான். தொண்டையில் அது அழித்த திசு சாம்பல் நிறத் தோலாகப் படர்ந்து மூச்சை அடைக்கும். நஞ்சு ரத்தத்தில் கலந்தால் இதயத் தசையையும் நரம்பையும் தாக்கும். தொண்டை சரியாகிவிட்டதென்று எல்லோரும் மூச்சு விடும் நேரத்தில் இதயம் நின்றுபோவதும் உண்டு. ஊசியில் கிருமி கிடையாது. அந்த நஞ்சையே ஃபார்மலின் என்ற ரசாயனத்திலும் சூட்டிலும் வைத்துப் பல்லைப் பிடுங்கிய பாம்பாக்கித் தருகிறோம். 1923-ல் காஸ்தோன் ரமோன் என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவர் கண்ட வழி இது. ஆகவே ஊசி போட்டவரிடம் கிருமி தங்கலாம், நஞ்சு பலிக்காது. ஆனால் அவரிடமிருந்து ஊசி போடாத குழந்தைக்குத் தொற்றலாம்.

ரஹீமா: எப்போதெல்லாம் போட வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது: ஆறாவது வாரத்தில் தொடங்கி, குறைந்தது நான்கு வார இடைவெளியில் மூன்று. பிறகு 12–23 மாதம், 4–7 வயது, 9–15 வயதில் ஒவ்வொரு பூஸ்டர், அதாவது பலத்தைப் புதுப்பிக்கும் ஊசி. நாட்டுக்கு நாடு சற்று மாறும்; கையில் உள்ள அட்டையைப் பாருங்கள்.

தேவி: இரண்டாவது ஊசி நாலு மாசம் தள்ளிப்போச்சு அக்கா. முதலிலிருந்தா?

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். திட்டுவார்களோ என்று பயந்து வராமல் இருப்பவர்கள்தான் அதிகம். வந்துவிடுங்கள்.

ஜோசப்: தொடையில் கட்டி, லேசான காய்ச்சல்.

ஓரிரு நாளில் காய்ச்சல் தணியும். கட்டி சில வாரம் கூட இருக்கலாம், தேய்க்காதீர்கள். வலிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல், மூன்று மணி நேரம் ஓயாத அழுகை இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

கண்ணன்: நோய் வந்து பிழைத்த பிள்ளைக்குமா?

கட்டாயம். அம்மை மாதிரி ஒருமுறை வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உடம்பில் ஊறிய நஞ்சு, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் அளவுக்கு இல்லாமல் இருந்திருக்கலாம். உடல் தேறியதும் ஊசியைத் தொடங்கிவிடலாம்.