எல்லை தாண்டிய ஆலைப்புகை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உள்ளூர் ஆலையின் புகையால் பயிர் கருகினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமோ பசுமைத் தீர்ப்பாயத்திடமோ முறையிடலாம். ஆலை பக்கத்து நாட்டில் இருந்தால் விவசாயி யாரிடம் போவார்?
– சட்டக் கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நார்த்போர்ட் என்ற சிற்றூரைச் சுற்றி வாழ்ந்த விவசாயிகள் இதே கேள்வியோடுதான் நின்றார்கள். அவர்களுக்கு வடக்கே, எல்லையிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில், கனடாவின் டிரெயில் நகரில் கொலம்பியா ஆற்றங்கரையில் ஓர் உருக்காலை இருந்தது. 1896இல் தொடங்கப்பட்ட அந்த ஆலை பின்னர் ஈயமும் துத்தநாகமும் பெருமளவில் பிரித்தெடுக்கும் ஆலையாக வளர்ந்தது. அந்தத் தாதுக்களில் கந்தகம் கலந்திருப்பதால், அவற்றை வறுக்கும்போது கந்தக டை ஆக்சைடு வாயு வெளியேறும். 1925இலும் 1927இலும் அங்கே 409 அடி உயரப் புகைபோக்கிகள் எழுந்தன. 1930இல் நாளொன்றுக்கு 600 டன்னுக்கும் மேலான கந்தக டை ஆக்சைடு காற்றில் கலந்தது. உயரமான புகைபோக்கியால் ஆலையைச் சுற்றியிருப்பவர்களுக்குச் சற்று நிம்மதி கிடைக்கலாம். ஆனால் வாயு ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே தெற்கே இறங்கி அடுத்த நாட்டு வயல்களைச் சேர்ந்தது.

விவசாயிகளுக்கு இரண்டு கதவுகளும் மூடியிருந்தன. வேறொரு நாட்டிலுள்ள நிலத்துக்கு நேர்ந்த சேதத்தை விசாரிக்கத் தமக்கு அதிகாரமில்லை என்பது பழைய ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றிய கனடா நீதிமன்றங்களின் நிலை. ஆலை நிறுவனமே பாதிக்கப்பட்ட நிலங்களை விலைக்கு வாங்கிச் சிக்கலைத் தீர்க்க முயன்றபோது, அயல்நாட்டார் நிலம் வாங்கக் கூடாது என்ற வாஷிங்டன் மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. அதனால் வழக்கை அரசுகளே கையில் எடுக்க வேண்டியதாயிற்று. 1928இல் இரு நாட்டுக் கூட்டு ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்ட இந்த விவகாரத்தில், 1932 தொடக்கம் வரையிலான சேதத்துக்கு 3,50,000 டாலர் தரலாம் என்று 1931இல் பரிந்துரை வந்தது. அதற்குப் பிறகும் புகை நிற்காததால், 1935இல் ஓட்டாவாவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி பெல்ஜியம், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளைச் சேர்ந்த மூவர் கொண்ட நடுவர் மன்றம் அமைந்தது. ஆக, உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: விவசாயி தம் சொந்த அரசிடம் போக வேண்டும், அந்த அரசு அவருக்காக வாதாட முன்வர வேண்டும்.

கேள்வி: காற்றில் வந்த வாயு இன்ன ஆலையிலிருந்து வந்தது என்று எப்படி நிரூபிக்க முடிந்தது?
– விவசாயி, ஒட்டன்சத்திரம்

பதில்: இந்த வழக்கில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி இதுவே. பள்ளத்தாக்கின் பல இடங்களில் வாயுவின் அளவைத் தொடர்ந்து பதிவுசெய்யும் கருவிகள் வைக்கப்பட்டன. ஆலைக்கு அருகில் முதலிலும் தொலைவில் பின்னரும் வாயு வந்துசேரும் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆனால் பயிர் வளரும் பருவத்தின் காலை நேரங்களில், வெவ்வேறு தொலைவிலிருந்த கருவிகள் ஏறத்தாழ ஒரே வேளையில் வாயுவைக் காட்டின. இரவு முழுவதும் வாயு தரையில் படாமல், மேலே ஒரு படலமாகப் பள்ளத்தாக்கு நெடுகப் பரவி நிற்கிறது. வெயில் ஏறித் தரை சூடாகிக் காற்று புரளத் தொடங்கியதும், அந்தப் படலம் எங்கும் ஒருசேர இறங்குகிறது. இலைகள் ஒளியை வாங்கத் தொடங்கும் அதே வேளை அது.

சேதத்தின் அடையாளத்தை இலையே காட்டும். உங்கள் பக்கத்தில் மாட்டுக்குப் போடும் குதிரைமசால் இந்த வாயுவுக்கு மிக எளிதில் வாடும் பயிர்களில் ஒன்று. நரம்புகள் பச்சையாகவே இருக்க, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் வெளுத்துப் போகும். இலையில் குறி தெரியாமலே விளைச்சல் குறைய முடியுமா என்பதில்தான் இரு தரப்பு விஞ்ஞானிகளும் கடுமையாக மோதிக்கொண்டார்கள்.

கேள்வி: விவசாயிகளுக்கு நியாயம் கிடைத்ததா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: பாதிதான் கிடைத்தது என்பேன். அமெரிக்க அரசு வட்டியோடு சுமார் 20 லட்சம் டாலர் கேட்டது. 1938இல் மன்றம் வழங்கியது 78,000 டாலர். பண்படுத்திய நிலங்களுக்கு 62,000, காட்டு நிலங்களுக்கு 16,000. கால்நடைகள், ஊர்ச் சொத்துகள், வணிக இழப்பு என்று முன்வைத்தவை சான்று போதாது என்று தள்ளப்பட்டன.

1941இன் இறுதித் தீர்ப்பு, எந்த நாடும் தன் மண்ணிலிருந்து எழும் புகையால் அடுத்த நாட்டின் நிலத்துக்கும் மக்களுக்கும் தீங்கு நேரும்படி விட உரிமையில்லை என்று அறிவித்தது. ஆனால் பாதிப்பு கடுமையானதாகவும், தெளிவான, ஐயமகற்றும் சான்றால் நிறுவப்பட்டதாகவும் இருந்தால்தான் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. கருவியும் ஆய்வுக்கூடமும் ஆலையிடம் இருக்க, சான்றுச் சுமை வாடிய பயிரோடு நிற்பவர் தலையில் ஏறுகிறது. இதை ஒரு குறையாகவே நான் பார்க்கிறேன்.

அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. காற்றின் திசை, புரளும் வேகம், பருவம், நேரம் ஆகியவற்றைப் பார்த்து, எந்த மணியில் எவ்வளவு கந்தகத்தை வெளியிடலாம் என்று ஆலைக்கு ஒரு கட்டுப்பாட்டு முறையையே மன்றம் வகுத்தது. தீர்ப்புக்கு முன்பே ஆலை நிறுவனம் வாயுவைப் பிடித்துக் கந்தக அமிலமாக்கி, அதிலிருந்து உரம் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. வயல்களைக் காப்பாற்றியதில் இழப்பீட்டுத் தொகையைவிட இந்த இரண்டுக்குமே பங்கு அதிகம்.

கேள்வி: தெற்காசிய நாடுகளுக்கிடையே இப்படி ஓர் ஏற்பாடு உண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு, ஆனால் வலுவில்லை. இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான் உள்ளிட்ட 8 நாடுகள் 1998இல் எல்லை தாண்டும் காற்று மாசு குறித்த மாலே பிரகடனத்தை ஏற்றன. அளவீட்டு நிலையங்கள் அமைக்கவும் தகவல் பகிரவும் அது வழிசெய்தது. ஐரோப்பாவிலும் 1979இன் ஜெனீவா உடன்படிக்கை முதலில் பொதுவான வாக்குறுதிகளோடுதான் தொடங்கியது. பின்னர் அளவீட்டுப் பணிக்கு நிதி ஒதுக்கும் நெறிமுறை 1984இலும், கந்தக வெளியீட்டை 1980ஆம் ஆண்டு அளவிலிருந்து 30 விழுக்காடு குறைக்கும் நெறிமுறை 1985இலும் வந்தன. மாலே பிரகடனத்தில் அப்படிக் கட்டுப்படுத்தும் எண் ஒன்றுகூட இல்லை.