ஃபேமிலி லா சந்தேகங்கள்: இந்து, முஸ்லிம் சட்டம் இரண்டையும் ஒரே செமஸ்டரில் படிக்கிறவர்களுக்கு

பன்னிரண்டு வருடமாகக் குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறேன். சனிக்கிழமை மாலைகளில் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேம்பருக்கு வந்து சந்தேகம் கேட்பார்கள். தேர்வு நெருங்குகிறது, கேள்வி இருந்தால் எழுதி அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். அதிகம் பேர் கேட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

அக்கா, முஸ்லிம் வாரிசுரிமைப் பின்னங்கள் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கின்றன. மனப்பாடம் செய்ய வழி இருக்கிறதா?

மனப்பாடத்தை விடுங்கள் தம்பி, நோட்டில் ஒரு குடும்பத்தை வரையுங்கள். ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி, அம்மா, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். அடக்கச் செலவு, கடன் எல்லாம் போக 96 லட்சம் மிச்சம். சுன்னி முஸ்லிம் என்றால், பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 12 லட்சம். அம்மாவுக்கு ஆறில் ஒன்று, 16 லட்சம். மீதி 68 லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் மகனுக்கு 34, மகள்களுக்கு ஆளுக்கு 17.

இப்போது அதே ஆளை இந்துவாக மாற்றுங்கள், சொத்து சுயசம்பாத்தியம். 1956ஆம் வருட வாரிசுரிமைச் சட்டம் 8ஆம் பிரிவின்படி அந்த ஐந்து பேருமே முதல் வகுப்பு வாரிசுகள், அதாவது முதலில் பங்கு பெறுகிறவர்கள், ஆளுக்கு 19 லட்சத்து 20 ஆயிரம், மகன் மகள் என்ற பேதமே கிடையாது. அடுத்து, இறந்தவரின் அப்பாவும் உயிரோடு இருக்கிறார் என்று சேர்த்துப் பாருங்கள். முஸ்லிம் சட்டத்தில் அவருக்கும் 16 லட்சம் போய்விடும், மகனுக்கு 26, மகள்களுக்கு 13 என்று இறங்கும். இந்துச் சட்டத்தில் அவருக்கு ஒன்றுமே இல்லை, ஏனென்றால் அம்மா முதல் வகுப்பு, அப்பா இரண்டாம் வகுப்பு. இதை முதன்முதலில் கேட்கும்போது வகுப்பில் எல்லா வருடமும் ஒருவராவது "அது எப்படி?" என்று சண்டைக்கு வருவார். அப்படிச் சண்டை போட்டவர் அதற்குப் பிறகு மறந்ததே இல்லை. இந்த மாதிரி பத்துக் குடும்பம் போட்டுப் பார்த்தால் போதும்.

பங்குகளைக் கூட்டினால் ஒன்றுக்கு மேல் போகிறது. என் கணக்கு தப்பா?

கணக்கு சரிதான், அதற்குப் பெயர் அவ்ல். மனைவி, அப்பா, அம்மா, இரண்டு மகள்கள், மகன் இல்லை என்றால் 24இல் 3, 4, 4, 16 என்று கூட்டி 27 வரும். அப்போது கீழே இருக்கும் 24ஐ 27 ஆக்கிவிட வேண்டும், எல்லாருடைய பங்கும் கொஞ்சம் கொஞ்சம் சுருங்கும், மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிடும். கலீஃபா அலி அவர்கள் மிம்பரில் (பள்ளிவாசல் பிரசங்க மேடையில்) நின்றபடியே இந்தக் கணக்குக்கு விடை சொன்னதாக மரபு, அதனால் இதற்கு மிம்பரிய்யா என்றே பெயர். ஷியாக்கள் அவ்லை ஏற்பதில்லை, அவர்கள் குறைவை மகள்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். அதனால் கேள்வியில் சுன்னியா ஷியாவா என்று முதலில் பாருங்கள்.

இந்துத் திருமணச் சட்டத்தில் தாய்மாமனும் அக்கா மகளும் தடை செய்யப்பட்ட உறவு என்று இருக்கிறது. எங்கள் அம்மா தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறார். செல்லாதா?

பயப்படாதீர்கள், செல்லும். 5ஆம் பிரிவு தடை போட்டுவிட்டு, இரு தரப்பு வழக்கமும் அனுமதித்தால் சரி என்று அதே வரியிலேயே கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் கூட அந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறார்கள்! வழக்கம் என்ற ஒரு சொல் இல்லை என்றால் நம் ஊரில் பாதிக் கல்யாணம் செல்லாமல் போயிருக்கும். வழக்கத்துக்கு இவ்வளவு மரியாதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 1868இல் லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்த ராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கை எழுதுங்கள். தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதப்பட்ட சாஸ்திரத்தையும் விஞ்சும் என்று சொன்னது அதுதான். முஸ்லிம் சட்டத்தில் இது நேர் எதிர்: மாமன் மகள், சித்தப்பா மகள் யாரையும் கட்டலாம், ஆனால் அக்கா மகளைக் கட்டவே முடியாது, எந்த வழக்கமும் அதைக் காப்பாற்றாது.

சப்தபதி, அதாவது அக்னி முன் ஏழடி நடப்பது இல்லாமல் இந்துத் திருமணம் முழுமையாகாது என்று கைடில் போட்டிருக்கிறதே?

வடக்கே அச்சடித்த கைடாக இருக்கும். 7ஆம் பிரிவே, சடங்கில் சப்தபதி இருந்தால்தான் ஏழாம் அடி முக்கியம் என்கிறது. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் கொண்டுவந்த 7ஏ பிரிவு அதைச் சரிசெய்தது, ஏற்கெனவே நடந்த திருமணங்களுக்கும் சேர்த்து. மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த நாகலிங்கம் வழக்கைக் கட்டாயம் படியுங்கள். திருத்தணியில் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டவர், ஏழடி நடக்கவில்லை, அதனால் அது கல்யாணமே இல்லை என்று தப்பிக்கப் பார்த்தார். 7ஏ அவரைப் பிடித்துக்கொண்டது.

தலாக் தடை செய்யப்பட்டுவிட்டது என்று எழுதலாமா?

எழுதினால் மார்க் போகும். 2017 ஷயாரா பானு தீர்ப்பில் விழுந்தது ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் மட்டும், அதுவும் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில். 2019 சட்டம் அதைச் சொல்பவருக்கு மூன்று வருடம் வரை சிறை என்றது. தவணை விட்டுச் சொல்லும் தலாக், மனைவி கேட்டுப் பெறும் குலா, இருவரும் சம்மதித்துப் பிரியும் முபாரத் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன, மனைவி நீதிமன்றம் போக 1939 சட்டமும் இருக்கிறது. ஜீவனாம்சம் வந்தால் 1985 ஷா பானு, 1986 சட்டம், 2001 டேனியல் லத்தீஃபி, 2024 அப்துல் சமது என்று வரிசையாகப் போங்கள். லத்தீஃபியில் சூட்சுமம் ஒரு சொல்லில்தான்: இத்தா (மணவிலக்குக்குப் பின் மனைவி காத்திருக்கும்) காலத்துக்கு என்றில்லை, இத்தா காலத்துக்குள் என்று நீதிமன்றம் படித்தது. அதாவது அந்த மூன்று மாதத்துக்குள், அவளுடைய பின்னாள் வாழ்க்கைக்கும் சேர்த்து ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு 1989இலிருந்தா, 2005இலிருந்தா?

தமிழ்நாட்டில் 25.3.1989, ஆனால் அன்றைக்குக் கல்யாணம் ஆகாதவளுக்கு மட்டும். 2005 மத்தியத் திருத்தத்தில் அந்த நிபந்தனை போயிற்று. அப்பா அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா தீர்ப்பு முடித்துவைத்தது. 20.12.2004க்கு முன் முறையாக நடந்த பாகப்பிரிவினையைத் தொட முடியாது, ப்ராப்ளம் கேள்வியில் அந்தத் தேதியை வைத்துத்தான் மடக்குவார்கள்.

இந்து ஆண் முஸ்லிமாக மாறி, முதல் மனைவி இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் செய்யலாமா?

முடியாது. 1995 சரளா முத்கல், 2000 லில்லி தாமஸ், இரண்டுமே இருதார மணக் குற்றம் என்கின்றன. தேர்வுக்காகத்தானே கேட்கிறீர்கள் தம்பி?