ஜப்பானியச் சாப்பாடும் நாலாயிரம் ரூபாய் பில்லும்

கேள்வி: மகளும் மருமகனும் என்னையும் என் மனைவியையும் நகருக்குள் ஒரு ஜப்பானிய உணவகத்துக்கு அழைத்துப் போனார்கள். சோற்றில் சுற்றிய பச்சை மீன், ஒரு கிண்ணம் நூடுல்ஸ், உப்புக் கரிக்கும் ஒரு சூப். பில் நாலாயிரத்துச் சொச்சம். என் மனைவி சைவம். சைவம் என்று சொல்லிக் கொடுத்த சூப்பிலும் மீன் வாடை அடித்தது. இட்லியும் மீன்குழம்பும் இருக்கிற ஊரில் இந்தப் பகட்டு எதற்கு? உங்கள் பத்திரிகை இதைக் கண்டிக்காதா?
— வாசகர் ஒருவர், மேற்கு மாம்பலம்

பதில்: பில்லைக் கண்டிக்கிறேன். உங்கள் மனைவிக்கு அந்த சூப்பைச் சைவம் என்று கொடுத்தவர்களை இன்னும் கடுமையாகக் கண்டிக்கிறேன். ஆனால் அந்தச் சாப்பாட்டையே பகட்டு என்று தள்ளிவிட்டீர்களே, அதை ஏற்க மாட்டேன்.

நீங்கள் பார்த்த அந்தச் சோறும் பச்சை மீனும், அதாவது சுஷி, தெருக்கடையில் வளர்ந்த பண்டம். இன்றைய டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த 1820களில், கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டை வைத்துக் கொடுக்கும் வழக்கம் அங்கே பரவியது. வாங்கியவர்கள் நின்றபடியே தின்றுவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். ராமென் என்ற சூப் நூடுல்ஸ், யோகோஹாமா போன்ற துறைமுக நகரங்களில் குடியேறிய சீனர்கள் விற்ற நூடுல்ஸிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரிசி கிடைக்காமல் தவித்த ஜப்பானியர்களுக்கு, அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையில் செய்த அந்த நூடுல்ஸ்தான் பசியாற்றியது. சோற்றின் மேல் மாட்டிறைச்சியைப் பரப்பித் தரும் யோஷினோயா என்ற கடை 1899இல் தொடங்கியது டோக்கியோவின் நிஹோன்பாஷி மீன் சந்தைக்குள். சாப்பிட வந்தவர்கள் சந்தைத் தொழிலாளிகள். சுஷி விலையேறிப் பணக்காரர் பண்டமாகிவிட்ட காலத்தில், ஒசாகா பக்கம் கடை நடத்திய ஷிராய்ஷி யோஷியாகி, பீர் ஆலையில் பாட்டில்களைச் சுமந்து நகரும் பட்டையைப் பார்த்து, அதே முறையில் சுஷித் தட்டுகளை ஓடவிட்டார். அது 1958. பரிமாறும் ஆட்செலவு குறைந்தது, விலையும் குறைந்தது, சாதாரணக் குடும்பங்கள் உள்ளே வந்தன.

சென்னைக்கு இந்தச் சாப்பாடு வந்த வழியிலும் பகட்டு இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வாகனத் தொழிற்சாலைகள் பெருகியபோது ஜப்பானியப் பொறியாளர்கள் இங்கே குடிவந்தார்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கியவர்களை நம்பி, நுங்கம்பாக்கம் போன்ற இடங்களில் பெரிய அலங்காரம் எதுவும் இல்லாத சிறிய கடைகள் நடந்தன. சில இன்னும் நடக்கின்றன. உங்கள் மகள் உங்களை அப்படி ஒரு கடைக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும்.

அங்கே மதிய வேளையில் 'தெய்ஷோகு' என்று ஒரு தட்டு தருவார்கள். ஒரு கிண்ணம் சோறு, புளிக்கவைத்த சோயா விழுதில் செய்த மிசோ சூப் ஒரு கிண்ணம், கொஞ்சம் ஊறுகாய், நடுவில் ஒரு மீனோ கறியோ. உப்புத் தடவிச் சுட்ட 'சபா' மீனைக் கேளுங்கள்; நம் கானாங்கெளுத்தியின் குடும்பம்தான். தோலில் குறுக்காக இரண்டு கீறல் போட்டிருப்பார்கள். கீறலின் ஓரம் கருகிச் சுருண்டு, உள்ளிருந்து எண்ணெய் கசிந்து தோல் பளபளக்கும். பக்கத்தில் துருவிய வெள்ளை முள்ளங்கி ஒரு சிறு குவியல். அதன் மேல் இரண்டு சொட்டு சோயா சாஸ் விட்டு, மீனோடு சேர்த்துச் சாப்பிட்டால் எண்ணெயின் திகட்டல் தெரியாது. மிசோ சூப்பை வைத்த இடத்தில் கொஞ்ச நேரம் விட்டால் அந்த விழுது அடியில் மேகம்போலத் தங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். கலக்காமல் குடித்தால் முதல் மடக்கு சப்பென்று இருக்கும், கடைசி மடக்கு உப்பாகக் கரிக்கும். உங்களுக்கு நேர்ந்தது அதுவாகவும் இருக்கலாம். கிண்ணத்தைக் கையில் எடுத்து, குச்சியால் ஒரு கலக்குக் கலக்கி, அப்படியே வாய்வைத்துக் குடிக்க வேண்டும்; கரண்டி தரமாட்டார்கள்.

இனி அந்த மீன் வாடை. ஜப்பானியச் சமையலில் பெரும்பகுதி 'தாஷி' என்ற சாற்றின் மேல் நிற்கிறது. கொம்பு என்ற கடற்பாசியையும், சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் கல்லாகக் காயவைத்துச் சீவிய சீவலையும் வெந்நீரில் போட்டு இறக்குவது அது. சூரையை அவித்துப் புகையூட்டிக் காயவைப்பது நமக்குப் புதிதா? மினிக்காயிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் வரும் மாசிக் கருவாடு அதே மீன், ஏறத்தாழ அதே பக்குவம். மாசியை இடித்துச் சம்பல் செய்கிற வீட்டுக்காரர் எவரும் அந்த சூப்பை மோந்ததுமே கண்டுகொள்வார். 1908இல் இகேதா கிகுனாயே என்ற வேதியியல் பேராசிரியர், அந்தச் சாற்றின் ருசிக்குக் காரணம் தேடிக் கடற்பாசியிலிருந்து குளுட்டமேட் என்ற ருசிப்பொருளைப் பிரித்தெடுத்தார். அவ்வளவு அடிப்படையான ஒரு சாறு. அதில் மீன் இருப்பது தெரியாமல் ஒருவர் ஜப்பானிய உணவகம் நடத்த முடியாது. தெரிந்தே சைவம் சாப்பிடுகிற ஒருவருக்கு அதைக் கொடுத்திருந்தால் அது அவருடைய நம்பிக்கையை மிதிக்கிற செயல். மிதக்கிற டோஃபு என்ற சோயாக் கட்டியையும் வெங்காயத்தாளையும் காட்டிச் சைவம் என்று சொல்வது ஏமாற்று.

சைவத்துக்கு அங்கே வழியில்லை என்று நினைக்காதீர்கள். ஜப்பானிய பௌத்த மடங்களில் மீனும் இறைச்சியும் சேராத 'ஷோஜின்' சமையல் பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. அவர்கள் கடற்பாசியையும் காய்ந்த ஷிடாகே காளானையும் ஊறவைத்தே அந்தச் சாற்றை எடுக்கிறார்கள். சென்னைக் கடைக்காரர் இதைச் செய்ய இரண்டு பொருள் போதும். ஆகவே "இது சைவமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். "சாறு எதில் எடுத்தது? பாக்கெட் பொடியா? அதில் மீன் இருக்கிறதா?" என்று கேளுங்கள். மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புராவுக்கும் இதையே கேட்க வேண்டும். வறுவல் கத்திரிக்காயாக இருக்கும், தொட்டுக்கொள்ளும் சாற்றில் சூரை இருக்கும். ராமெனில் இன்னும் கவனம் தேவை. மேலே மக்காச்சோளமும் கீரையும் பரப்பியிருந்தாலும் அடியில் பன்றி எலும்போ கோழி எலும்போ காய்ச்சிய சாறு இருக்கலாம்.

நகரத்துக் கடைகள் மீது எனக்கு உண்மையான கோபம் வருவது சுருள் சுஷி விஷயத்தில்தான். மயோனைஸ், சீஸ், காரச் சாஸ், மேலே பொரித்த தூள். இத்தனையும் போட்ட பிறகு உள்ளே என்ன மீன் இருந்தால் என்ன? வினிகர் கலந்த சோறு எப்படி வெந்திருக்கிறது, கையில் எடுத்தால் நிற்கிறதா, வாயில் போட்டதும் உதிர்கிறதா என்பதில்தான் சமையல்காரரின் கை தெரியும். அதை மூடி மறைத்துவிட்டு விலையை ஏற்றுகிறார்கள். சால்மன் இல்லாமல் சுஷி இல்லை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1980களின் நடுவில் நார்வே தன் வளர்ப்பு மீனை விற்க முனைந்து இறங்கும்வரை ஜப்பானியர்களே சால்மனைப் பச்சையாகத் தின்னத் தயங்கினார்கள். எங்கிருந்தோ குளிர்பெட்டியில் பறந்துவரும் அந்த மீனின் பயணச் செலவும் உங்கள் பில்லில் இருக்கிறது.

பச்சை மீன் ஆபத்தா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மீனில் இருக்கும் புழுக்களைக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைக்க வேண்டும். வீட்டு ஃபிரீசரை நம்பி இதில் இறங்கக் கூடாது. உறைய வைத்தாலும் கிருமிகள் எல்லாம் சாவதில்லை. எங்கிருந்து வந்தது, எப்படி உறைந்தது என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லாத கடையில் பச்சை மீனைத் தொடாதீர்கள். காசிமேட்டில் காலையில் வாங்கிய மீன் எவ்வளவு துள்ளினாலும் அது குழம்புக்கு.

உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். சேவைக் கட்டணம் என்று ஒரு தொகை போட்டிருந்தால், கேளாமல் அதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எடுக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே கிடையாது.

அடுத்த முறை கடையை நீங்களே தேர்ந்தெடுங்கள். இரவில் வேண்டாம், மதியம் போங்கள். ஜப்பானியக் குடும்பங்கள் வந்து சாப்பிடுகிற கடையா என்று பாருங்கள். உங்களுக்குச் சுட்ட மீன் தட்டு. உங்கள் மனைவிக்கு இனிப்பு மிசோ தடவிச் சுட்ட கத்திரிக்காய், வெள்ளைச் சோறு, ஊறுகாய். அந்த மிசோவில் தாஷி கலந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். மகளுக்கும் மருமகனுக்கும் சுருள் சுஷிதான் வேண்டுமென்றால், அதற்கான பணத்தை அவர்களே கொடுக்கட்டும்.