ஸ்கேன் எடுக்கத்தான் படுத்தாராம்!

கேள்வி: என் கணவர் கேஸ் சிலிண்டர் டெலிவரி செய்பவர். ஒருநாள் இரவு இடுப்பு பிடித்து எழுந்திருக்கவே முடியவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். எம்ஆர்ஐயில் முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. பில் 68,400 ரூபாய். ‘பரிசோதனைக்காக மட்டுமே அட்மிஷன்’ என்று இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்துவிட்டது. டாக்டர் இப்போது டிஸ்கோகிராம் எடுக்கச் சொல்கிறார். என்ன செய்வது?
- வாசகி, கொரட்டூர்

பதில்: கம்பெனி காட்டும் விதி நிஜம்தான். முக்கியமாகப் பரிசோதனைக்காகவே அட்மிட் ஆனால் பணம் கிடையாது என்று மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் ஒரு விலக்கு உண்டு. வெறும் ஸ்கேனுக்காகப் படுத்திருந்தால், விட்டுவிடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

எழுந்திருக்கவே முடியாதவர் கதை வேறு. டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் நம்பாதீர்கள். ‘முதுகுவலி, எம்ஆர்ஐ எடுக்கப்பட்டது’ என்று இரண்டே வரி இருக்கும். கேஸ் ஷீட்டின், அதாவது ஆஸ்பத்திரி வைத்திருக்கும் சிகிச்சைக் குறிப்பின், முழு நகலை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்கிறது மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதி. நர்ஸ் எழுதிய சார்ட்டைப் புரட்டுங்கள். எத்தனை மணிக்கு எந்த வலி ஊசி, எத்தனை டிரிப்ஸ், கால் மரத்ததா, பாத்ரூமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்களா? உங்கள் வழக்கே அந்தக் கிறுக்கல் எழுத்தில்தான் இருக்கிறது. ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று டாக்டரிடமும் ஒரு கடிதம் வாங்குங்கள்.

ரிப்போர்ட்டில் ‘தேய்மானம்’ என்று இருந்தால், பழைய நோயை மறைத்தீர்கள் என்று அடுத்த பல்லவி வரலாம். வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் டிஸ்க் தேய்மானம் தெரியும். பாலிசி எடுக்கும் முன் இதற்கு வைத்தியம் பார்த்ததுண்டா என்பதே கேள்வி.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுபடி மறுப்பு என்றால், தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிப்பவர்) அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம் (என் பிழைப்புக்கு நானே உலை வைக்கிறேன்!). ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு; ஆனால் அங்கே வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மன் தொடமாட்டார். அதனால் அவசரப்பட்டு இரண்டிலும் போடாதீர்கள்.

அப்புறம் டிஸ்கோகிராம். டிஸ்க்குக்குள் ஊசியால் சாயம் ஏற்றி, அதே வலி வருகிறதா என்று பார்ப்பார்கள். இது பரிசோதனையேதான், தனியாக அட்மிட் ஆனால் அதே விதி மறுபடி குறுக்கே வரும். பின்னாலேயே ஆபரேஷன் நடந்தால், அட்மிஷனுக்கு முந்தைய செலவாக அதைக் கேட்கலாம். பல பாலிசிகளில் 30 நாள் வரை உண்டு. உங்கள் பாலிசியில் எத்தனை நாள் என்று பார்த்துவிட்டு டாக்டரிடம் தேதி வாங்குங்கள்.